காலையில் கொடுத்ததைப் பத்து மணிக்குத் திருப்பி வாங்கலாமா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. வெளியூர் அன்பர்கள் பலர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க இங்கே வெளியிடுகிறோம்.)

 

செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "சார், உத்தியோகமும் தெய்வ நம்பிக்கையும் என்று இருபது நிமிஷம் பேச வேண்டும்" என்றார். நான் உபன்யாசகன் அல்ல. கெமிஸ்ட்ரியில் பி.எஸ்.ஸி. பாஸ் செய்துவிட்டு, 1972-ல் கல்கத்தாவில் மத்திய அரசின் ஒரு துறையில் சேர்ந்து, நாகபுரி, தில்லி என்று சுற்றி, 2010-ல் அறுபது வயது பூர்த்தியாகி வீட்டுக்கு வந்தவன். சாஸ்திரம் படித்தவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் சாஸ்திரம் பேசத் துணிய மாட்டேன். ஆனால் உத்தியோகத்தில் அடிபட்ட அனுபவம் எனக்கு நிறைய உண்டு. அதைச் சொல்கிறேன். தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்றைய இளைஞர்களுக்கு சி.ஆர். என்றால் தெரியாது. கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட், அதாவது ரகசிய அறிக்கை. வருஷத்துக்கு ஒரு முறை மேலதிகாரி நம்மைப் பற்றி எழுதி, கவரில் போட்டு மேலே அனுப்புவார். 'அவுட்ஸ்டாண்டிங்', 'வெரி குட்', 'குட்' என்று தரம் போடுவார்கள். பாதகமாக ஏதாவது எழுதினால் மட்டும் நமக்குத் தெரிவிப்பார்கள். 'குட்' என்று எழுதினால் அது பாதகம் இல்லையே, நல்லவன் என்றுதானே அர்த்தம்? அதனால் சொல்ல மாட்டார்கள். ஆனால் பதவி உயர்வுக் கமிட்டியில் 'வெரி குட்' வேண்டும் என்று அளவுகோல் வைத்திருந்தால், அந்த ஒரு 'குட்' நம்மைக் கவிழ்த்துவிடும். நாம் கவிழ்ந்த காரணம் நமக்கே தெரியாது.

1996-ல் எனக்கு அதுதான் நடந்தது. தில்லியில் இருந்தேன். இருபத்து நான்கு வருஷ சர்வீஸ். லிஸ்ட் வந்தது. என் பெயர் இல்லை. எனக்கு இரண்டு வருஷம் ஜூனியரான நண்பரின் பெயர் இருந்தது. அவரும் நம்மவர்தான். ஆர்.கே.புரத்தில் அடுத்த பிளாக்கில் குடியிருந்தார். ஒரே சார்ட்டர்டு பஸ்ஸில் ஒன்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனவர்கள் நாங்கள். பிற்பாடு நிர்வாகப் பிரிவில் இருந்த ஒருவர் மூலம் காதில் விழுந்தது: ஐந்து வருஷ ரிப்போர்ட்டில் நான்கு 'வெரி குட்', ஒன்று 'குட்'. அந்த ஒன்றை எழுதியவர், இடமாற்றத்தினால் என் வேலையை நான்கே மாதம் பார்த்த ஓர் அதிகாரி.

அன்று முதல் நான் செய்ததை எல்லாம் இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மூன்று முறை மனுக் கொடுத்தேன். அதில் தப்பில்லை. ஆனால் முன்பெல்லாம் என்னைக் கேட்காமலே உழைத்தவன், அதன் பிறகு யாராவது மேலதிகாரி பார்க்கிறாரா என்று பார்த்து உழைக்க ஆரம்பித்தேன். மீட்டிங்கில் அவசியம் இல்லாமல் வாயைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமை தவறாமல் மலை மந்திரில் ஸ்வாமிநாத ஸ்வாமியிடம் போய் நின்றேன். பிரார்த்தனை என்றா சொல்வது? "அடுத்த லிஸ்டில் பெயர் வந்தால் வெள்ளி வேல் சாத்துகிறேன்" என்றேன். அரசாங்கத்தில் இதற்கு வேறு பெயர் உண்டு!

அதைவிடப் பெரிய தப்பு, நண்பரோடு பேசுவதை நிறுத்தினது. அவர் ஒரு பாபமும் அறியாதவர். நான் பஸ்ஸில் வேறு சீட்டுக்கு மாறினேன். அவர் பிள்ளைக்குப் பூணூல் போட்டபோது என் சம்சாரம் தனியாகப் போய்விட்டு வந்தாள். "அவர் ஏன் வரலைன்னு எல்லாரும் கேட்டா. தலைவலின்னு சொல்லிட்டு வந்தேன். இனிமே என்னைப் பொய் சொல்ல வைக்காதீங்கோ" என்றாள். அதற்கும் எரிந்து விழுந்தேன்.

என் தாயார் அப்போது எங்களோடுதான் இருந்தாள். எழுபது தாண்டியவள். நாலாம் கிளாஸ் படிப்பு. ஒரு நாள் காலை நான் சந்தியாவந்தனம் முடித்துவிட்டு எழுந்திருக்கும்போது கூடத்தில் உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்: "ஏண்டா, கடைசியிலே ஜலத்தை விட்டு ஏதோ சொல்றயே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"உடம்பால், வாக்கால், மனசால் செய்யறது எல்லாம் நாராயணனுக்கே அர்ப்பணம்னு அர்த்தம்மா."

"சரி. காலம்பற ஸ்வாமிக்குக் கொடுத்துட்டு, பத்து மணிக்கு ஆபீஸ் போனதும் திருப்பி வாங்கிண்டுடறயாடா?"

எனக்குப் பதில் வரவில்லை. எட்டு வயதில் பூணூல் போட்ட நாள் முதல் ஏறக்குறைய நாற்பது வருஷமாக அந்த ஜலத்தை விட்டிருக்கிறேன். என் உத்தியோகமும் அந்த 'எல்லாம்' என்ற வார்த்தைக்குள் அடங்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அன்று ஒரே நாளில் ஞானம் வந்துவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை காபி வேளைக்கு நண்பர் வீட்டுக் கதவைத் தட்டினேன். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவர் கதவைத் திறந்து, "வாங்கோ, இப்பத்தான் டிகாஷன் இறங்கித்து" என்றார். அவ்வளவுதான். ஒத்திகை பார்த்தது ஒன்றும் தேவைப்படவில்லை.

பதவி உயர்வு உடனே வந்துவிடவில்லை. 1998-ல் மத்திய அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 58-லிருந்து 60 ஆக்கினார்கள். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் அதன் பலனாக இரண்டு வருஷத்துக்கு வயதானதால் ஓய்வு பெறுபவர் யாரும் இல்லை. மேலே இடம் காலியானால்தானே கீழே இருப்பவன் ஏற முடியும்? எனக்கு 2001-ல்தான் கிடைத்தது. வெள்ளி வேல் சாத்தினீர்களா என்று கேட்பீர்கள். சாத்தினேன். ஆனால் பேரம் என்று நினைத்துச் சாத்தவில்லை, ஐந்து வருஷம் என் தொணதொணப்பைக் கேட்டதற்கு நன்றி என்று சாத்தினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். "தெய்வத்திடம் விட்டுவிடு" என்றால் என்ன அர்த்தம்?

கீதையில் கர்மாவைச் செய், பலனில் உரிமை கொண்டாடாதே என்ற இரண்டாம் அத்தியாயத்துக் கருத்து எல்லோருக்கும் தெரியும். பதினெட்டாம் அத்தியாயத்தில் பகவான் இன்னொரு விஷயம் சொல்கிறார். அது விஞ்ஞானம் படித்தவனுக்கு மிகவும் பிடிக்கும். எந்தக் காரியம் நடப்பதற்கும் ஐந்து காரணங்கள் வேண்டும் என்கிறார். காரியத்துக்கு இருப்பிடமான உடம்பு ஒன்று, செய்பவன் ஒன்று, கருவிகள் ஒன்று, பலவிதமான முயற்சிகள் ஒன்று, ஐந்தாவதாகத் தெய்வம். நாம் செய்யும் தப்பு இரண்டு விதம். நன்றாக நடந்தால் 'செய்பவன்' ஒருவனையே காரணமாக்கி மார் தட்டுகிறோம். கெட்டுப் போனால் தெய்வம் ஒன்றையே காரணமாக்கி அழுகிறோம். ஐந்தையும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

காலேஜ் லாபரட்டரியில் டைட்ரேஷன் செய்திருப்பீர்கள். ப்யூரெட்டைக் கழுவுவது, சொட்டுச் சொட்டாக விடுவது, நிறம் மாறும் கணத்தில் நிறுத்துவது, இதெல்லாம் நம் கையில். ரீடிங் என்ன வருகிறதோ அதை அப்படியே நோட்டில் எழுத வேண்டும். பக்கத்துப் பையனின் ரீடிங்கைப் பார்த்து நம்முடையதைத் திருத்தி எழுதினால் அது விஞ்ஞானம் இல்லை. உத்தியோகமும் அப்படித்தான். செய்முறை நம்முடையது. ரீடிங்கை அவன் தருகிறான்.

நமது சங்கத்தில் ஐயரும் உண்டு, ஐயங்காரும் உண்டு. ஐயங்கார்களிலேயே இரண்டு கட்சி உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். குரங்குக் குட்டி தாயைத் தானே பிடித்துக்கொள்கிறது. பூனைக் குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகிறது. சரணாகதிக்கு எது சரியான உதாரணம் என்று பெரியவர்கள் பல நூறு வருஷமாக வாதித்திருக்கிறார்கள். நான் அதில் தலையிடப் போவதில்லை. ஒன்று மட்டும் கவனித்தேன். குரங்குக் குட்டியானாலும் பூனைக் குட்டியானாலும், பக்கத்துக் குட்டியை எவ்வளவு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று பார்ப்பதில்லை!

விஞ்ஞான உலகத்திலிருந்து இருவரைச் சொல்கிறேன். ஒருவர் கிரகோர் மெண்டல். இன்றைய செக் குடியரசில் இருக்கும் ப்ர்னோ நகரத்து மடத்தில் துறவி. 1856 முதல் சுமார் எட்டு வருஷம் பட்டாணிச் செடிகளை வளர்த்து, பரம்பரைக் குணங்கள் எப்படி இறங்குகின்றன என்று கணக்குப் போட்டார். 1865-ல் உள்ளூர்ச் சங்கக் கூட்டத்தில் படித்தார், 1866-ல் அச்சாயிற்று. ஏறக்குறைய யாரும் கண்டுகொள்ளவில்லை. 1884-ல் காலமானார். 1900-ல்தான் மூன்று நாட்டு விஞ்ஞானிகள் தனித்தனியே அதே விதிகளைக் கண்டு, இவர் முன்பே சொல்லிவிட்டார் என்று உலகுக்குத் தெரிவித்தார்கள். அவர் போய்ப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது.

இன்னொருவர் நம் நாட்டவர், யெல்லப்ரகட சுப்பாராவ். 1895-ல் ஆந்திராவில் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் மூன்றாவது முயற்சியில்தான் தேறினார். ராமகிருஷ்ண மடத்தில் சேர ஆசைப்பட்டவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது கதர் அங்கி அணிந்தார் என்ற காரணத்தால் எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். தான் கிடைத்தது. அமெரிக்கா போனார். கெமிஸ்ட்ரி மாணவர்களுக்குப் பாஸ்பரஸை அளக்கும் ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை தெரிந்திருக்கும். அது 1925. உடம்பின் சக்திக்கு ஆதாரமான ஏ.டி.பி. என்ற பொருளைக் கண்டறிந்தவர்களிலும் அவர் ஒருவர். அது 1929. ஆனாலும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. பிறகு லெடர்லே ஆய்வகத்துக்குப் போனார். அங்கே அவர் தலைமையில் ஃபோலிக் ஆசிட் செயற்கையாகத் தயாரானது. யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்து வந்தது. ஆரியோமைசின் வந்தது. ஸ்ப்ரூ என்ற வயிற்று நோய்க்குத் தன் சகோதரர்களைப் பறிகொடுத்தவர் அவர். அதே நோய்க்கு மருந்தாக ஃபோலிக் ஆசிட் அமைந்தது. 1948-ல் 53 வயதில் காலமானார். நோபல் பரிசு கிடையாது. நம் அரசாங்கம் தபால் தலை வெளியிட்டது 1995-ல், அவர் பிறந்து நூறு வருஷம் ஆனபோது.

இன்றும் நம் நாட்டில் யானைக்கால் நோய் ஒழிப்புக்கு வீடு வீடாக வந்து கொடுக்கும் மாத்திரைகளில் டி.இ.சி. உண்டு. வாங்கி விழுங்குபவர்களில் எத்தனை பேருக்கு சுப்பாராவ் பெயர் தெரியும்? மாத்திரை அதனால் வேலை செய்யாமல் இருக்கிறதா?

கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்கள் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். என் பேரன் பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். அவன் கேட்டான்: "தாத்தா, நீங்க சொல்றபடி சும்மா இருந்தா, என் வேலையை மேனேஜர் தன் பேரிலே காட்டிண்டு போயிடுவார். அதுவும் பகவத் சங்கல்பமா?"

நல்ல கேள்வி. அவனுக்கு ஒரு கேஸைச் சொன்னேன். எல்லைச் சாலை அமைப்பில் இருந்த தேவ் தத் என்ற இன்ஜினீயர் ஒருவருக்கு 1993-94-ஆம் வருஷ ரிப்போர்ட்டில் 'குட்' என்று எழுதினார்கள். அவருக்குச் சொல்லவில்லை. 'வெரி குட்' இல்லை என்று பதவி உயர்வு மறுக்கப்பட்டது. என் கதைதான். அவர் கோர்ட்டுக்குப் போனார். 2008 மே மாதம் சுப்ரீம் கோர்ட், அரசு ஊழியரின் ரிப்போர்ட்டில் எழுதும் ஒவ்வொரு பதிவையும், நல்லதோ கெட்டதோ, அவருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2009-ல் மத்திய அரசு அதற்கான உத்தரவு போட்டது. 2008-09 முதல் முழு ரிப்போர்ட்டையும் ஊழியரிடம் காட்டுகிறார்கள். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எத்தனை பேர் இன்னும் இருட்டில் இருந்திருப்பார்கள்!

ஆகவே, செய்த வேலையைத் தெளிவாக எழுதி வை. உன் பெயர் விட்டுப்போனால் மரியாதையாக ஒரு முறை எடுத்துச் சொல். மனு போட வேண்டியிருந்தால் போடு. ஐந்து காரணங்களில் முயற்சியும் ஒன்று என்று பகவானே சொல்லியிருக்கிறார். அதன் பிறகு ராத்திரி தூங்கு. அந்தத் தூக்கம்தான் தெய்வத்திடம் விட்டதற்கு அடையாளம். 1996-ல் நான் மனுப் போட்டேன், ஆனால் தூங்கவில்லை.

இனிச் சொல்லப் போவதை இதுவரை பொதுவில் சொன்னதில்லை.

2010-ல் அரசாங்கம் இன்னோர் உத்தரவு போட்டது. 2008-09-க்கு முந்தைய ரிப்போர்ட்டுகளில் அளவுகோலுக்குக் கீழே ஏதாவது இருந்து, அது வரப்போகும் பதவி உயர்வைப் பாதிக்கும் என்றால், அதன் நகலை ஊழியருக்குக் கொடுத்து அவர் மனுவைக் கேட்க வேண்டும் என்று. நான் ஓய்வு பெறச் சில மாதங்கள் இருந்தன. ஒரு நாள் மேஜைக்கு ஒரு ஃபைல் வந்தது. என் கீழே வேலை பார்த்த ஒருவர் கொடுத்த மனு. 2005-06-ல் அவருக்கு 'குட்' என்று எழுதியிருந்தது. கையெழுத்து யாருடையது? என்னுடையது.

அமைதியான மனிதர். வந்த இடம் தெரியாது, போன இடம் தெரியாது. அவர் எழுதிய நோட்டில் ஒரு தப்பு காண முடியாது. அந்த வருஷம் ஏன் 'குட்' என்று எழுதினேன் என்று உட்கார்ந்து யோசித்தேன். காரணமே இல்லை. ஒரே நாளில் பதினைந்து ரிப்போர்ட்டுகளை எழுதித் தள்ளியிருந்தேன். என்னிடம் வந்து பேசியவர்களுக்கெல்லாம் 'வெரி குட்'. பேசாமல் வேலை பார்த்தவருக்கு 'குட்'. பத்து வருஷமாக எந்த மனிதரை நான் மனசுக்குள் சபித்துக்கொண்டிருந்தேனோ, அவர் செய்ததையே நானும் செய்திருந்தேன். அவரும் ஒருவேளை ஒரே நாளில் பதினைந்து எழுதியிருப்பார்.

ஃபைலில் என் கருத்தை எழுத வேண்டும். "மதிப்பீடு சரியே" என்று எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடும். என்னை யாரும் கேட்கப் போவதில்லை. "அவர் தலையெழுத்து" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும் செய்யலாம். தெய்வ நம்பிக்கை எவ்வளவு சுலபமாகக் கோழைத்தனத்துக்கு மூடியாகிவிடும் என்று அன்று புரிந்தது. ஒரு பக்கம் எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அவர் அந்த வருஷம் முடித்த வேலைகளை ஃபைல்களிலிருந்து எடுத்துப் பட்டியல் போட்டு, போதிய கவனம் இல்லாமல் தரம் போட்டுவிட்டேன், அவர் 'வெரி குட்'டுக்கு உரியவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முப்பத்தெட்டு வருஷ சர்வீஸில் என் தப்பை நானே காகிதத்தில் எழுதியது அதுதான் முதல் தடவை. அவருக்குப் பதவி உயர்வு கிடைத்த செய்தி நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தது. என் சொந்தப் பிரமோஷனுக்குக் கூட நான் அவ்வளவு நிம்மதி அடைந்ததில்லை.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த பாடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று. நமக்கு வரவேண்டியதைத் தெய்வத்திடம் விடலாம். நாம் பிறருக்குக் கொடுக்க வேண்டியதைத் தெய்வத்திடம் விடக்கூடாது. அந்த இடத்தில் தெய்வம் நம் பேனாவைத்தான் கருவியாக வைத்திருக்கிறது.

இரண்டு. வேலையில் முழு முயற்சி, உரிமையில் ஒரு முறை தெளிவான பேச்சு, அதன் பிறகு மனசில் பாரம் இல்லாமை. இந்த வரிசை மாறக்கூடாது.

மூன்று. நம்மைத் தாண்டிப் போனவர் வீட்டுக்கு நாமே முதலில் போக வேண்டும். நாள் தள்ளினால் படி உயரமாகிக்கொண்டே போகும்.

நான்கு. உங்களிடம் வேலை செய்பவர்களில் வாய் பேசாதவர் யார் என்று வருஷத்துக்கு ஒரு முறையாவது தேடிப் பாருங்கள். வீட்டிலும் பாருங்கள். என் சம்சாரத்துக்கு இத்தனை வருஷத்தில் யாரும் ரிப்போர்ட் எழுதவில்லை, பிரமோஷனும் கொடுக்கவில்லை. (சிரிப்பு.) ஆனால் ஒரு நாள் கூட எங்கள் வீட்டில் காபி தாமதமானதில்லை.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை, வழக்கம் போல ஸ்நானம் செய்து சந்தியாவந்தனத்துக்கு உட்கார்ந்தேன். கடைசியில் ஜலத்தை விட்டேன். மணி பத்தாயிற்று. திருப்பி வாங்கிக்கொண்டு போக ஆபீஸ் இல்லை. என் தாயார் அப்போது இல்லை. இருந்திருந்தால், "இதுக்கு ரிடையர் ஆகணுமாடா?" என்று கேட்டிருப்பாள். இங்கே இருக்கும் இளைஞர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம் என்பதே என் பிரார்த்தனை.